பட்டியலில் சேர்க்காத பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என்மேல் உள்ள கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. போன மாதம் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு மெயில் வந்தது, உன் அப்பா அதை நம்பி, கார் நிறுத்த இடம் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டார். இது சரிப்படாது என்று மாடிவீட்டு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர், நம்பிக்கையானவர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள், அவர்கள் மெயில் மட்டும் உள்ளே வரும், மற்றதெல்லாம் ஸ்பேமுக்குப் போய்விடும் என்று அமைத்துக் கொடுத்தார். நானும் யோசித்து யோசித்துச் சேர்த்தேன். பல் டாக்டர், என் தையல் கடைக்கு நூல் அனுப்புகிறவர், தினமும் பூப்படம் அனுப்பி உயிரை வாங்கும் உன் அத்தை, எல்லாரும் உண்டு. உன்னைச் சேர்க்கவில்லை. மறதி இல்லையடி, பெற்ற பிள்ளையை நம்புகிறேன் என்று யாராவது எழுதி வைப்பார்களா என்று நினைத்துவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் உன்னோடு வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக நீ சொன்னாய், நான் இனி எனக்குப் போன் பண்ணாதே என்று போனை வைத்துவிட்டேன். பிறகு மூன்று வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிற வம்சமாயிற்றே, நானும் வீம்பாக இருந்தேன், அந்தக் கோபத்தில் யாருடைய சட்டைக்கோ இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன். நேற்று அப்பா கண்ணாடிக் கடை மெயிலைத் தேடி ஸ்பேமைத் திறந்தால், முடி வளரும் தைலத்துக்கும் லாட்டரிக்கும் நடுவில் உன் கடிதம் மூன்று. பதினெட்டாம் தேதி கல்யாணப் பதிவு, வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் நீங்கள் வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்று கடைசியில் எழுதியிருந்தாய். இன்று வியாழன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் மெயிலிலேயே எழுதுகிறேன். அன்று நான் பேசியது தப்பு, மன்னித்துவிடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பதினாறாம் தேதி இரண்டு பேரும் வருகிறோம். அன்றைக்குப் புதுச்செருப்பு போடாதே, கடிக்கும்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் சிரித்துக்கொண்டே வாழவேண்டும். மறக்காமல் மாப்பிள்ளையின் மெயில் முகவரியை அனுப்பு, பட்டியலில் உனக்கு அடுத்த வரியை அவருக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நம்புகிற அம்மா