ஒரே ஒரு நாற்காலி

தேவர்சோலை

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம். முழங்கால் வலி தேவலைங்களா? நான் சுகம்.

தேயிலை விலை விழுந்ததுல இங்க எஸ்டேட்டை மூடிட்டாங்க. திறக்கச் சொல்லிக் கேட்கக் கொழுந்து பறிக்கிற பெண்களோட ஆபீசுக்குப் போயிருந்தேன். மேனேஜர், "உட்காருங்க சிஸ்டர்"னு கன்னியாஸ்திரிங்கிறதால எனக்கு மட்டும் நாற்காலி போட்டார். பழக்கத்துல உட்கார்ந்துட்டேன். பேசி முடிச்சுத் திரும்பினப்பதான் பார்த்தேன், முப்பது பேரும் பின்னாடி நின்னுட்டே இருந்திருக்காங்க.

தவக்காலத்துல நம்ம ஊட்டுக்கு ஜெபமாலை சொல்லத் தெருவே வருமே, ஒரே ஜமுக்காளத்துல. யார் வந்தாலும், "தள்ளி உக்காருங்க, இடமிருக்குது"ம்பீங்க. அந்தக் குரல்தான் இப்பெல்லாம் காதுலயே இருக்குது.

அந்த ஜமுக்காளத்தைக் கூடலூர் பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்துவிடுங்க. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போறோம். ஆபீசுலயே விரிச்சுக்கிறோம்.

தபால் எடுக்க வந்துட்டாங்க, முடிக்கிறேன். மேனேஜர் இறங்கி வந்தா அவருக்கும் இடமிருக்கும்மா.

மகள்
செலின்