குறி போடாத கார்

மார்ச் 4
காலையில் ஒரு பழைய வேன். அடியில் மல்லாந்து படுத்து சைலன்சரைக் கழற்றினேன். அது மேலே, நான் கீழே. இரண்டு பேருக்கும் ஒரே அளவு துரு. எழுந்திருக்க ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தது.

பழைய வண்டிகளைப் பிரிக்கும் எங்கள் யார்டில் மின்சாரக் கார் பேட்டரிக்குத் தனிக் கொட்டகை வருகிறது. ஓய்ந்துபோன பேட்டரியைப் பிரித்து, இன்னும் உயிருள்ள செல்களை எடுத்து, வேறு வேலைக்குச் சேர்த்துக் கட்டுவார்களாம். நின்றுகொண்டே செய்யும் மேஜை வேலை. எங்களில் ஒருவருக்குத்தான் இடம். எனக்கு வேண்டும். என் இடுப்புக்கு அதைவிட வேண்டும்.

மார்ச் 5
மனைவியிடம் சொன்னேன். "பிரிக்கிற வேலைதானே, உங்களுக்கே குடுப்பாங்க. நீங்க பிரிச்ச மிக்சி இன்னும் அட்டைப்பெட்டியிலதான கிடக்கு" என்றாள். மகளுக்குச் சிரித்துப் புரையேறியது. பெற்ற பிள்ளை!

மார்ச் 9
ஐயோ. எழுதவே கை கூசுகிறது.

பிரிக்கும் வரிசையின் கடைசியில் ஒரு கார். பம்பரைக் கயிறுதான் தாங்கியிருந்தது. பிரிக்க வேண்டிய காரின் கண்ணாடியில் சூப்பர்வைசர் மஞ்சள் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். இதில் இல்லை. இந்த மூஞ்சிக்குக் குறி வேறயா என்று நினைத்தேன். சக்கரங்கள், பேட்டரி, ஒரு கதவு — மளமளவென்று கழற்றிவிட்டேன். அப்படி ஒரு சுறுசுறுப்பு எங்கிருந்துதான் வந்ததோ!

ஒரு அம்மா வந்து நின்றார். பேட்டரிக் கொட்டகைக்கு ஆள் எடுக்க வந்த பயிற்சியாளர்.

"ஏங்க, அது என் வண்டிங்க."

அவர் கதவு என் கையில். கீழே வைப்பதா, அவரிடமே நீட்டுவதா?

"நல்லவேளை, அவங்க உள்ள உக்காந்திருக்கல. அவங்களையும் பிரிச்சு அடுக்கியிருப்பான்" என்றார் சூப்பர்வைசர்.

நட்டுகளையெல்லாம் வழக்கம்போல உருக்க அனுப்பும் இரும்பு போடும் பீப்பாயில் வீசியிருந்தேன். தலைகீழாகத் தொங்கித் தேடி எடுத்தேன். எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். அம்மா கிளம்பினார். கார் வாசலை நெருங்கும்போதுதான் சந்தேகம் வந்தது: பின்சக்கர நட்டை முறுக்கினேனா, இல்லையா?

ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "இறங்குங்கம்மா. ஒரு சக்கரம் சந்தேகம்."

யார்டே சிரித்தது. ஸ்பானர் போட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"இத்தனை பேர் முன்னாடி இப்படிச் சொல்ல வெக்கமா இல்லையா?" என்று அம்மா கேட்டார்.

"வெக்கந்தாங்க. சக்கரம் கழண்டா வெக்கத்தோட போகாதே."

காரில் ஏறிப் போய்விட்டார்.

மார்ச் 10
இடம் போச்சு. லீவு போடலாமா?

மார்ச் 12
சூப்பர்வைசர் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையை என்னிடம் நீட்டினார். "அந்தம்மா உன்னைத்தான் கேட்டாங்க. பேட்டரிகிட்ட சந்தேகம்னா கையை எடுக்கிற ஆளு வேணுமாம். உன்கிட்ட சந்தேகத்துக்கா பஞ்சம்?"

திட்டா, பாராட்டா தெரியவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 19
துவைக்க எடுத்த என் சட்டையில் துரு இல்லை, கிரீஸ் இல்லை. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க, வேலைக்குத்தான் போறீங்களா?"