வாசல் நிலையில் சேவல் ரத்தம்

சின்னக்கானல்,
வியாழக்கிழமை

என் மகன் லோகேசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் எனக்கு உடம்பு நடமாட்டமாக இருக்கிறது, மஸ்கட் வெயிலில் உன்னையும் அவர் காக்கவேண்டும் என்று காலையும் மாலையும் முழங்கால் போடுகிறேன். போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, நீயும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் எஸ்டேட் லைன் வீடுகளில் ஜெபம் நடத்த அடிமாலியிலிருந்து வருகிற பின்சி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசிவரைக்கும் படி.

அப்பா போய் இன்றைக்கு முப்பத்தி நாலு நாள். போன வாரம் திங்கட்கிழமை காலையில் மஸ்டரில் ஆள் கணக்கு எடுக்கும்போது, பக்கத்து ஆள் முகம் தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் பொன்ராஜ் அண்ணன் பழக்கத்தில் வீரபாண்டி என்று அப்பா பெயரை வாசித்துவிட்டார். பனிக்குள்ளேயிருந்து இருக்கேன் என்று ஒரு குரல் வந்தது. எனக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஆளே இல்லை, தேயிலைச் செடிதான் நின்றது. அண்ணன் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்துவிட்டது. மண்ணில் விழுந்த ரத்தம் கூப்பிடுகிறது, அப்பாவை யானை அடித்த இடத்தில் ஒரு கிடாயை வெட்டினால்தான் அடங்கும் என்று அவர் உனக்குச் சொல்ல, நீயும் கிடாய் பிடிக்கச் சொல்லிவிட்டாய். வெட்டாவிட்டால் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றும் சொன்னாயாம்.

உன்னிடம் நான் மறைத்தது ஒன்று இருக்கிறது. சொன்னால் மகனும் இல்லாமல் போய்விடுவானோ என்று பயந்துதான் மறைத்தேன். ஒற்றை யானை அரிசி வாசத்துக்கு லைன் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்த வாரம் புதன்கிழமை ஜெபத்தில் பின்சி எகிப்து கதை சொன்னாள், ஆட்டுக்குட்டி ரத்தத்தை வாசல் நிலையில் பூசின வீட்டைச் சாவு தாண்டிப் போனதாம். எனக்கென்றே சொன்னது போல இருந்தது. மறுநாள் நம் செவலைச் சேவலை அறுத்து, தேயிலைக் கொப்பால் தொட்டு, நிலையில் இரண்டு பக்கமும் மேலேயும் பூசினேன். அப்பா பார்த்துவிட்டு, “ஏட்டி, புருசனுக்குக் கொழம்பு வைக்கச் சொன்னா நெலைக்கு ஊட்டிக்கிட்டிருக்கியே” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு யானை வந்தது. நான் உள்ளே ஜன்னல் இடுக்கில் நின்றேன். சத்தமே இல்லாமல் வந்து, தும்பிக்கையை நிலையில் வைத்து, அந்த ரத்தத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் மோந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் திரும்பிக் குறுக்குப் பாதையில் இறங்கிப் போய்விட்டது. நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, கீழே அப்பா சத்தம் கேட்டது. ரேஷன் அரிசியோடு அந்தப் பாதையில்தான் ஏறி வந்துகொண்டிருந்தார்.

யானையை நான்தான் அவர் பக்கம் திருப்பிவிட்டேன் என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் தெரியுமா. நிலையில் இருந்த கறை பனி இறங்கினால் அன்றைக்குப் பூசினது போலச் சிவக்கும், நாய் அந்தப் பக்கம் வராது. கடைசியில் பின்சியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “பாதிக் கதையைச் சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேனேக்கா. அந்த ஆட்டுக்குட்டி பின்னால சிலுவைக்கு வரப்போறவருக்கு அடையாளம். அவர் ரத்தம் ஒரு தரம் சிந்தினதோட முடிஞ்சுபோச்சு, இனி ஒரு கோழிக்குஞ்சுகூட சாக வேண்டாம்” என்றாள். அப்படியானால் என் வீட்டுக்காரர் ஏன் செத்தார் என்று கேட்டேன். தெரியாது என்று சொன்னாள். தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். மற்ற ரத்தமெல்லாம் பழி கேட்கும், கர்த்தர் ரத்தம் நமக்காக மன்னிப்புக் கேட்கும் என்றும் சொன்னாள். மீட்பு என்றால் சாவு நம் வீட்டுக்கு வராது என்று நினைத்திருந்தேன் லோகேசு. அப்படி இல்லை. என் நெஞ்சே என்னைக் குற்றம் சொல்லும்போது, அதைச் சுமக்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சோப்புத்தூள் போட்டுத் தேங்காய் நாரால் நிலையைத் தேய்த்துக் கழுவினேன். கிடாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், பொன்ராஜ் அண்ணனுக்குக் கோபம். மஸ்டரில் கேட்டது யார் குரல் என்று எனக்குத் தெரியாது, அப்பா என்று நான் சொல்லமாட்டேன். நேற்றுப் பனியில் யானை மறுபடியும் வந்தது. வெறும் மரத்தை ரொம்ப நேரம் மோந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு போய்விட்டது. ஏன் போனது என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். போன பிறகு ஓடிப்போய்க் கீழே பாதையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

அம்மா மேல் கோபம் வந்தால் வரட்டும், வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டு. கிடாய் வேண்டாம், நீ வா. நாலு மணிக்கு மேல் பஸ் இறங்கினால் ஜீப்பில் வா, குறுக்குப் பாதையில் ஏறாதே. வெயிலில் தண்ணீர் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்னைப் பெற்ற
அழகுத்தாய்