பொமியின் மழைக்கோட்டு

அன்பானவளே,

மொக்போவில் உன் அம்மா நலமா? நீ எப்போது திரும்புவாய் என்று கேட்கமாட்டேன்.

சனிக்கிழமைகளில் அலுவலகம் என்று உன்னிடம் சொன்னது பொய். இங்கே ஒரு சிறுவர் மையத்தில் தொண்டராகச் சேர்ந்திருக்கிறேன். ஹெரின் என்ற பத்து வயதுப் பெண்ணுக்கு நான்தான் துணை. கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், பிறகு இருவரும் பூப்பந்து விளையாடுவோம்.

நேற்று பந்தைத் துரத்திப்போய் வழுக்கி விழுந்தேன். "மாமா, நீங்க விளையாட வந்தீங்களா, தரையைத் துடைக்க வந்தீங்களா?" என்றாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நம் பொமி போன பிறகு அதுதான் முதல் தடவை. உடனே உன் முகம் ஞாபகம் வந்தது. கூசிப்போனேன்.

வெளியே நல்ல மழை. ஹெரின் நனைந்துகொண்டே வீட்டுக்குக் கிளம்பினாள். காரின் பின்சீட்டில் பொமியின் மழைக்கோட்டு அப்படியே கிடந்தது. உன்னைக் கேட்காமல் எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டேன்.

"இது யாரோடது மாமா?"

"எங்க பொண்ணோடது."

"அவ தேட மாட்டாளா?"

தொப்பியை இழுத்துவிட்டு அனுப்பிவைத்தேன்.

திட்டுவதென்றால் திட்டு. ஆனால் இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். ஹெரினுக்கு அதன் கை குட்டையாக இருந்தது. பொமிக்கும் இப்போது குட்டையாகத்தான் இருந்திருக்கும்.

உன் கணவன்