வால்டருக்கு மட்டும் ஒரு மாலை

பலெர்மோ,
நவம்பர் 4

அன்புள்ள சாம்பவி அக்காவுக்கு,

ரொறன்ரோக் குளிரில் நீங்களும் அத்தானும் யசிந்தனும் சுகமாக இருக்க வேண்டும். போன் எடுத்தால் "பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் எனக்குக் கொஞ்சம் துணிவு வரும்.

அப்பா இன்னும் சாக்குல்லித் தோடம்பழத் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார். முழங்கால் நோ கூடியிருக்கிறது. எனக்குப் பட்டம் கிடைத்தும் வேலை கிடைக்கவில்லை. படித்த ஜெர்மன் இப்போது அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரச் சிஞ்ஞோராவுக்கு உதவுகிறது. ஹெல்கா சிஞ்ஞோரா ஜெர்மனியில் பிறந்து, இங்கே கலியாணம் செய்து வந்தவர். தொண்ணூறு தாண்டியதும் இத்தாலியன் மறந்துவிட்டது. அதனால் அம்மா என்னையும் கூட்டிப்போகிறார்.

முந்தாநாள் இங்கே இறந்தவர்களின் நாள். படங்களுக்குப் பூ வைக்கச் சிஞ்ஞோரா சொன்னார். அம்மா மஞ்சள் செவ்வந்தியை எங்கள் முறைப்படி மாலை கட்டி, அவருடைய பழைய குடும்பப் படத்துக்குப் போட்டுவிட்டார். சிஞ்ஞோரா கத்தினார். "என்ர அப்பாவுக்குமா? கழட்டு!"

பிறகு சொன்னார். அவருடைய அண்ணன் வால்டருக்குச் சரியாக நடக்க வராது, பேச வராது. நாஜிகள் அப்படியான பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தகப்பன் கட்சிக்காரர். நாட்டுக்கு நல்லது என்று கையெழுத்து வைத்தார். தாய் அவனுடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தார். மூத்த அக்கா பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு வீட்டை விட்டுப் போனவர், தகப்பனின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. ஆறு வயதுச் சிஞ்ஞோரா யன்னலில் நின்று கை காட்டினார். நாட்டுக்காகப் பிள்ளையைக் கொடுத்த வீடு என்று ரீச்சர் மெச்சியதால் சந்தோஷமாகக்கூட இருந்ததாம். அவனைக் கொன்றது, தான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டில் ஒருவரும் அவனைப் பற்றித் தன்னோடு கதைக்கவேயில்லை என்றார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா மாலையைப் பிரித்து, வால்டரின் முகத்தைச் சுற்றி மட்டும் சின்ன வளையமாக வைத்தார். அவன் இருந்தால் பூவைத் தின்றிருப்பான் என்று சிஞ்ஞோரா சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அழுதார். வீட்டில் அப்பா, காணாமல்போன கஜானன் அண்ணாவின் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். "இவ்வளவு வருசமாப் போச்சு. இனி மாலை போட்டுத் திவசம் செய்வம்" என்கிறார். அம்மாவோ, "உடம்பைக் கண்டனீங்களோ? அண்டைக்கு வாயைத் திறக்காமல் அனுப்பினனீங்கள். இண்டைக்கும் நீங்களே அனுப்பப் போறியளோ?" என்று கேட்கிறார். இப்போது இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவதில்லை. நான் நடுவில் கோப்பைகளைக் கழுவுகிறேன்.

வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கக்காரர் சண்டைக்கு அண்ணாவைக் கொண்டுபோன அன்று நீங்கள் வாகனத்தின் பின்னால் ஓடினீர்களாம். அதன்பிறகு அப்பாவோடு கதைக்கவில்லை. நான் சின்னப்பிள்ளை. ஆருடைய இடுப்பில் இருந்தேன் என்றுகூடத் தெரியாது. உங்கள் மூன்று பேருக்கும் அண்ணாவோடு ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அண்ணாவின் குரல்கூட இல்லை.

அப்பாவை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. வாற ஞாயிறு அப்பா மாலை வாங்கப் போகிறார். அதற்கு முன் ஒருமுறை போன் எடுங்கள். வேண்டும், வேண்டாம், எதையாவது சொல்லுங்கள். அவர்கள் இருவரும் உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

யசிந்தனுக்கு மாமாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா அக்கா? சொல்லியிருந்தால், அதையே எனக்கும் சொல்லுங்கள். பிள்ளை நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் வாழட்டும்.

உங்கள் தங்கை,
ஜெனனி