மணலேறி வேர்

செங்கல்பட்டு
10.6.1974

என் பிரியமான அக்காவுக்கு,

சரோஜா மீன்கூடையோடு நீ கொடுத்தனுப்பிய கோணிப்பையையும் இறக்கிவிட்டுப் போனாள். சோதனைக்குக் கொஞ்சம் கேட்டேன், பை முழுக்க மணலேறி வேர்! ஆராய்ச்சிக்கூடத்தில் புரொபசர் ஜானகிராமன் மோந்து பார்த்துவிட்டு, "வேரா, கருவாடா?" என்று கேட்டார். கிண்டல் செய்தாலும் சினைப்படுத்தப் பத்துப் பெட்டை எலிகளை ஒதுக்கித் தந்திருக்கிறார். ஒன்பது வருஷம் கழித்து உன் வயிற்றில் கரு தங்கியது இந்த வேரால்தான் என்கிறாய். எலிகளும் சொல்லட்டும், நம்புகிறேன்.

இன்னொரு சங்கதி. எனக்கும் நாள் தள்ளிப்போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அவரிடம்கூடச் சொல்லவில்லை. போன தடவை சொன்னேன், தொட்டில் கம்பு வாங்கி வந்தார், பத்தாம் நாள் எல்லாம் போய்விட்டது. பயமாக இருக்கிறது அக்கா. பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் உன்னைப் பார்க்க வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

உன் வச்சலா


சட்ராஸ் குப்பம்
13.6.1974

தங்கை வச்சலாவுக்கு அக்கா ஆதியம்மாளின் ஆசீர்வாதம்.

உன் சங்கதியை யாரிடமும் மூச்சுவிடவில்லை, உன் மாமாவிடமும்தான். எனக்கு நாலாம் மாதம் நடக்கிறது. தினமும் வேரை அரைத்து மோரில் குடிக்கிறேன். மருந்து கொடுக்கும் மாரியம்மா நான் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். "ஒரு நாளு வுட்டாலும் கீழ பூடும், சொல்லிகினே கீறேன்" என்று மிரட்டல் வேறு. முன்னே இரண்டு போனவள் நான். வயிறு லேசாக இழுத்தால்கூடக் கை கால் ஓடவில்லை.

நீ கண்டதையும் தின்று வைக்காதே. காபியைக் குறை.

ஆதியம்மாள்


செங்கல்பட்டு
9.7.1974

அக்கா,

இதைப் படித்த உடனே அந்த வேரைக் குடிப்பதை நிறுத்திவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று எலிகளைத் திறந்து பார்த்தோம். வெறும் தண்ணீர் கொடுத்த ஐந்தின் வயிற்றிலும் எட்டு, ஒன்பது குட்டிகள். வேர்ச்சாறு கொடுத்த ஐந்திலும் ஒன்றுகூட இல்லை. கரு ஒட்டியிருந்த இடத்தில் கறுப்பாகச் சின்னத் தழும்பு மட்டும். வெங்காய வேர்நுனியை அதே சாற்றில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டாகப் பிரிய வேண்டிய செல்லெல்லாம் பாதியில் நின்றுபோயிருக்கின்றன.

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? சாக்கு வந்த அன்றே ஒரு கைப்பிடி எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். எட்டு நாள் குடித்தேன். படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்காதே. அக்காவுக்குத் தங்கியது, எனக்கும் தங்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீ மூன்று மாதமாகக் குடிக்கிறாய். உனக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை?

வச்சலா


சட்ராஸ் குப்பம்
10.7.1974

வச்சலா, என் கண்ணே,

உன் காகிதத்தைப் படித்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரோஜாதான் தூக்கிவிட்டாள். மறுபடி செங்கல்பட்டுக்குக் கூடையோடு கிளம்புகிறவளை நிறுத்திவைத்து இதை எழுதுகிறேன்.

நான் குடிப்பது வேறு, உனக்கு அனுப்பியது வேறு.

நீ வேர் கேட்டதும் மாரியம்மாவிடம் சொன்னேன். "புள்ளத்தாச்சி குடிக்கிற வேர பொறத்தியாரு கை தொட்டா, உள்ள கீற புடி வுட்டுடும்" என்றாள். எங்கள் குப்பத்தில் எல்லாரும் அப்படித்தான். குடிக்கிற வேரைப் பெற்ற தாய்க்கும் காட்ட மாட்டோம். நான் குடிப்பது நீலப்பூ மணலேறி. உனக்குக் கழிமுகத்துப் பக்கம் வெள்ளைப்பூ மணலேறியைத் தோண்டி அனுப்பினேன். அதை ஆடுகூட மோந்து பார்க்காது. எலிக்குத்தானே என்று நினைத்தேன். நீ குடிப்பாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது. வைகிறதானாலும் வை.

ஆதியம்மாள்


செங்கல்பட்டு
16.7.1974

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இதுவும் போய்விட்டது.

வேரால்தான் போனது என்று சொல்ல என்னிடம் அத்தாட்சி இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. அவர் பக்கத்திலேயே இருக்கிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்னை வையத்தான் பேனாவை எடுத்தேன். நாலு தாள் கிழித்தேன்.

ஒன்று கேட்கிறேன். வெள்ளைப்பூ என்ன செய்யும் என்று இப்போது தெரியும். நீலப்பூ என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது, மாரியம்மாவுக்கும் தெரியாது. காய்ந்த பிறகு இரண்டு வேரும் ஒரே மாதிரிதானே இருக்கும்? அவள் ஒரு நாள் மாற்றிக் கொடுத்தால்? நீ குடிக்கிறதில் ஒரு துண்டு அனுப்பு. இந்தத் தடவை நிஜமானதை அனுப்பு. பதில் வரும்வரை குடிக்காதே.

வச்சலா


சட்ராஸ் குப்பம்
18.7.1974

வச்சலாவுக்கு,

சரோஜா கையில் கொடுத்தால் அது பொறத்தியார் கை. அதனால் துணியில் முடிந்து, கூடைக்குள் நானே வைத்தேன். மாரியம்மா நேற்று கொடுத்த வேரில் பாதியை வெட்டி அனுப்பியிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்துபோய், "இன்னாடி பண்ணிட்ட, உனுக்கு புத்தி கீதா?" என்று வாசலில் நின்று கத்தினாள்.

ஆனால் ஒன்று யோசித்தேன். அன்றைக்கே இதை அனுப்பியிருக்கலாம். உன் கையைப் பொறத்தியார் கை என்று நினைத்தேனே, அதற்குத்தான் அழுகிறேன்.

நேற்றிலிருந்து குடிக்கவில்லை. வயிறு இழுக்கிறதா இல்லையா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லதோ கெட்டதோ, எலிகள் சொன்னதும் எழுது. உன் கையெழுத்து வந்தால் போதும்.

உன் அக்கா
ஆதியம்மாள்