சாய்ந்த ஊசிக்கு ஒரு கால்

என்னை முந்திக்கொண்டு போன என் அக்காவுக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. என் மூத்த பேத்தி ஈப்போவிலேயே வக்கீலாகிவிட்டாள். இரண்டாவது பேரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் என்ஜினியர். கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தான். உன் பேரனும் மருந்தாளராகிவிட்டான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தங்கச்சி மறைத்துவிட்டாள் என்பாய். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற இரண்டு பேருடைய வம்சம் இது. யாரும் குறை சொல்ல முடியாது.

இனி என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். அது இனிப்பானதில்லை.

அடுத்த வாரம் உனக்கு முதல் திதி. உன் தையல் மெஷின் இப்போது லகாட்டில் என் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது உன் மகன் செல்வம் அதைக் கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டான். கேள்விப்பட்டு நான் ஓடிப்போய் வாங்கிவந்தேன். சுங்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் வீட்டம்மா விற்றுவிட்டுப் போன மெஷின். நம் இரண்டு பேருக்கும் என்றுதானே அம்மா வாங்கினாள்? தாமான் என்று வரிசை வீடுகள் கட்டத் தோட்டத்தை விற்று, நம் எல்லோரையும் கிளப்பிவிட்டபோது, நீ அதை லோரியில் ஏற்றிக்கொண்டு குனோங் ராபாட்டுக்குப் போய்விட்டாய். "மூத்தவ நான்" என்றாய்.

அதோடாவது விட்டாயா? கேட்கும்போதெல்லாம் மெஷினைக் கொடுத்தனுப்புவாய். துணியை அழுத்திப் பிடிக்கும் கால்கள் இருந்த டின்னை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வாய். ஓரம் சுருட்ட ஒரு கால், சுருக்கம் வைக்க ஒரு கால், கழுத்தில் கயிறு வைத்துத் தைக்க அந்த ஒற்றைக் கால், எல்லாம் அதில்தான். "வேணும்னா இங்க வந்து தச்சிக்க" என்பாய். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றுதான் பெரியம்மா அப்படிச் செய்திருப்பார்கள் என்கிறாள் என் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீயே சொல், எதற்காக?

படையலில் வைக்கிற புதுச் சேலைக்கு நானே ரவிக்கை தைப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கழுத்தில் கயிறு வைக்காத ரவிக்கையை நீ போட்டதே இல்லை. அதற்கு ஒற்றைக் கால் வேண்டும். கடையிலிருந்து மெஷின் வந்தது, டின் வரவில்லை.

உன் மருமகள் ரேவதியிடம் கேட்டேன். பார்க்கவில்லை என்றாள். நான் நம்பவில்லை. கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பத்துப் பேர் முன்னால் மறுபடி கேட்டேன்.

"மெஷின தூக்கிப் போட்டவளுக்கு டின்னு மட்டும் கசக்கலையோ? யாருக்கு வித்த?"

"அத வச்சி நான் என்ன சின்னத்தே பண்ணப் போறேன்? எனக்கு ஊசியில நூலு கோக்கவே தெரியாது."

"தெரியாதவதான் வித்திருப்பா."

அவள் பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு அன்று ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு பேத்தி போனில் பார்த்து ஒரு பெட்டி வரவழைத்தாள். உள்ளே முப்பத்திரண்டு கால். ஒன்றுகூட மெஷினில் ஏறவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, பழைய டவுனில் மெஷின் ரிப்பேர் செய்கிற சீனரிடம் போனேன். தோட்டத்தோரம் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"அக்கா, இது ஊசி சாஞ்சி எறங்குற மெஷின். நீ கொண்டாந்தது பூரா ஊசி நேரா எறங்குற மெஷினுக்கு. போட முடியாது லா."

"இதுக்குன்னு எங்கயும் கிடைக்காதா?"

"கிடைக்கும், யாராச்சும் செத்தா." சிரித்தார். "பெரியவங்க போனா பிள்ளைங்க டின்னோட கொண்டாந்து போடுவாங்க. ஒன் அக்கா டின்னு எங்க?"

"மருமக வித்துட்டா" என்றேன். அவரிடமும் சொன்னேன்.

முந்தாநாள் செல்வம் வந்தான். ரேவதி வரவில்லை. "சின்னம்மா, டின்னு கெடச்சிருச்சி. சாமி மேடைக்கு அடியில இருந்துச்சி" என்று ஒரு பையை நீட்டினான். நீல பிஸ்கட் டின். திறந்தேன். உள்ளே காய்ந்துபோன வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, உன் பாக்குவெட்டி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அக்கா.

உன்னைப் பெட்டியில் வைத்து மூடப்போகும் நேரம், வெற்றிலை இல்லாமல் அக்கா போகக்கூடாது என்று அலமாரியைத் திறந்து, உன் வெற்றிலை டின் என்று நீல டின்னை எடுத்து உன் கைக்கடியில் வைத்தவள் நான்தான். எல்லோரும் பார்க்கத்தான் வைத்தேன். நீ ஒரே மாதிரி இரண்டு டின் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கால்களை நீயே ஒவ்வொன்றாக எடுத்துத் தருவாய், அந்த டின்னை நான் கண்டதே இல்லை. கனத்தது. பாக்குவெட்டி என்று நினைத்தேன். திறந்து பார்க்கவில்லை.

செல்வத்திடம் சொன்னேன். "எரிச்ச மறுநாள் எலும்பு பொறுக்கறப்ப கொஞ்சம் இரும்புத் துண்டு கெடந்துச்சி சின்னம்மா. பெட்டி ஆணின்னு ஒதுக்கிட்டோம்" என்றான்.

உயிரோடு இருந்தவரைக்கும் நீ எனக்குத் தராததை, என் கையாலேயே உன்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்குச் சிரிப்பு வருகிறதா?

பைக்கு அடியில் மடித்த துணி ஒன்று இருந்தது. ரேவதியின் பழைய ரவிக்கை, அளவுக்கு. நம் வீட்டில் படையல் சேலையையும் ரவிக்கையையும் பிறகு உடுத்திக்கொள்வது மருமகள்தானே. அவளிடம் அளவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இத யாருப்பா வச்சா?" என்று கேட்டேன். "அவதான்" என்றான். வேறு எதுவும் சொல்லி அனுப்பவில்லையாம்.

மெஷினிலேயே மாட்டியிருந்த சாதாரணக் கால் ஒன்றுதான் மிச்சம். உடலையும் கையையும் அதில் தைத்துவிட்டேன். கழுத்துக் கயிற்றை இப்போது கையூசியால் தைக்கிறேன். ஒரு விரல் நீளம் தைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. வயசுதான் காரணம், வேறில்லை.

ரேவதிக்கு நான் திருடி என்று பட்டம் கட்டியது பத்துப் பேர் காதில் விழுந்தது. அதனால்தான் இதை மனசுக்குள் உனக்குச் சொல்லாமல் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ரேவதி எடுக்கவில்லை. எடுத்தது நான்.

ரேவதி, இதைப் படித்தால், திதி முடிந்து அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், சட்டம் போட்டு மாட்ட வேண்டும். போட மனசு வராவிட்டால் அனுப்பாதே. நான் கேட்கமாட்டேன்.

அக்கா, உன் மேல் உள்ள கோபம் ஆறவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அந்தச் சீனரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இனி யார் வீட்டு டின் வந்தாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும். ஒற்றைக் கால் கிடைத்தால் அதைப் பூட்டி வைக்கமாட்டேன். யார் கேட்டாலும், என்னைப் பிடிக்காதவளே கேட்டாலும், மெஷினோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் பின்னாலேயே கேட்டுக்கொண்டு நின்ற தங்கச்சி,
பாக்கியம்